செண்பகவடிவு டீச்சர் சரியாகச் சொன்ன சொல்

எங்கள் கீழப்பாறைக்குளத்தில், சித்திரை மாதத்துக் கடைசிச் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதேகால் மணிக்கு, மேலத்தெரு மொட்டைமாடி ஒன்றில் நின்றுகொண்டு, காலேஜில் தாவரவியல் நடத்துகிற செண்பகவடிவு ஓர் இங்கிலீஷ் சொல்லைப் பதினொரு வருடத்தில் முதல் தடவையாகச் சரியாக உச்சரித்தாள். உச்சரித்த வாயை அவள் மூடுவதற்குள், ஊரில் மூடிக்கிடந்தவற்றில் எதெல்லாம் முற்றியிருந்ததோ அதெல்லாம் திறந்துகொண்டது.

அந்த மாடிக்கு நேர் கீழே இருப்பது என் தையல் கடை. என் பெயர் சேர்மக்கனி. கொடியில் எட்டு ஜாக்கெட் தொங்கிக்கொண்டிருந்தன, எட்டுக்கும் ஐந்து வீதம் நாற்பது ஹூக்கும் என் கண்ணெதிரே மேலிருந்து கீழாக வரிசை தவறாமல் கழன்றன, அதே நேரத்தில் எதிர்வீட்டு வேலியில் கனகாம்பரக் காய்கள் ஒரு சொட்டுத் தண்ணீர் படாமலே டப்டப்பென்று வெடித்தன, பக்கத்து வீட்டு ஊறுகாய் ஜாடி மூடியைத் தள்ளிவிட்டது, பஸ் ஸ்டாப்பில் நின்ற ஏழு பேரின் கக்கத்தில் இருந்த ஏழு குடைகளும் விரிந்தன, மூக்காண்டி அண்ணாச்சியின் எள்ளுக்காட்டில் முன்கூட்டியே முற்றியிருந்த நாலு வரிசை எள்ளு பொலபொலவென்று கொட்டியது, ஆறு பேர் சேர்ந்து திருகியும் மூன்று வருடமாக அசையாத ஐந்தாம் தெருக் குடிநீர் வால்வு தானாகச் சுழன்று தண்ணீர் விட்டது. தபாலாபீசில் போஸ்ட் மாஸ்டர் தேவசகாயம் ஒரு கவருக்கு ஸ்டாம்ப் ஒட்டிக்கொண்டிருந்தவர், தலையை நிமிர்த்தி, எதிரே நின்ற நர்ஸ் ஸ்டெல்லாவிடம், "ஒங்களக் கட்டிக்கிடணும்னு ஆறு வருசமா நெனச்சுக்கிட்டு இருக்கேன்" என்றார். ஸ்டெல்லா, "மொதல்ல ஸ்டாம்ப நேரா ஒட்டுங்க" என்றாள். ஆனால் கவரை வாங்கிக்கொண்டு போகாமல் அங்கேயே நின்றாளாம்.

கோயில் உண்டியல் திறக்கவில்லை, பேங்க் லாக்கர் திறக்கவில்லை, பஞ்சாயத்து ஆபீஸ் பீரோ திறக்கவில்லை. அவையெல்லாம் இன்னும் பச்சை என்று பிறகு தெரிந்துகொண்டோம்.

ஊர் பதறியதா என்று கேட்டால், ஐந்தாம் தெருவில் தண்ணீர் வந்துவிட்டதால் பதற யாருக்கும் நேரம் இல்லை. குடம் வைத்திருந்தவர்கள் குடத்தோடு ஓடினார்கள், இல்லாதவர்கள் குக்கரோடு ஓடினார்கள். நான் மட்டும் மாடிப்படி ஏறினேன். வடிவு கையில் போனை வைத்துக்கொண்டு நின்றாள், முகம் முழுக்க வேர்வை.

"ஏளா, என்ன செஞ்ச நீ? நாப்பது ஹூக்கும் கழண்டு கெடக்கு."

"நான் ஒண்ணும் செய்யலயே கனி. ஒரு வார்த்தை சொல்லிப் பாத்தேன்."

"எந்த வார்த்தை?"

அவள் மறுபடி சொன்னாள். டிஹிஸென்ஸ். என் இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பை வாயைப் பிளந்தது, உள்ளேயிருந்த பாக்கு நாலும் படியில் உருண்டு ஓடின.

அந்தச் சொல்லின் கதையைச் சொல்லாவிட்டால் உங்களுக்குப் புரியாது. காய் முற்றி, காய்ந்து, தன் தையலைத் தானே பிரித்துக்கொண்டு விதையை வெளியே விடுகிறதே, எள்ளு மாதிரி, பருத்தி மாதிரி, ஆமணக்கு மாதிரி, அதற்குத் தாவரவியல் இங்கிலீஷில் அந்தப் பேர். வடிவு தமிழ் மீடியத்தில் படித்தவள், புத்தகத்தில் எழுத்தைப் பார்த்து 'டெஹிஸ்கென்ஸ்' என்று தானாகவே கற்றுக்கொண்டு, பதினொரு பேட்ச் பிள்ளைகளுக்கு அப்படியே சொல்லிக்கொடுத்து, பதினொரு பேட்ச் பிள்ளைகளும் அப்படியே சொல்லிப் பாஸாகி, எங்கெங்கோ வேலைக்கும் போய்விட்டார்கள். ஒரு காய்க்கும் காது கேட்கவில்லை. போன வருடம் நிரந்தர வேலைக்கான இண்டர்வியூவில் அவள் அதைச் சொன்னபோது, வெளியூரிலிருந்து வந்திருந்த டாக்டர் ரோஸ்லின் என்கிற நிபுணர் அம்மாள் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருக்கிறாள். வேலை யாருக்கும் தரப்படவில்லை, இடம் காலியாகவே கிடந்தது. வடிவு என் கடைக்கு வந்து, துணிக் குவியலில் உட்கார்ந்து, "சிரிச்சுட்டாங்க கனி" என்று மட்டும் சொன்னாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்கு வெட்டிய சட்டைக்கு மூன்று கை வந்துவிட்டது.

அவள் கௌரவ விரிவுரையாளர். கௌரவம் அந்தப் பேரில் மட்டும்தான் உண்டு. வருடா வருடம் ஜூன் மாதம் செயலாளர் ஆவுடையப்பன் முன்னால் போய் நின்று, இந்த வருடமும் வைத்துக்கொள்ளுங்கள் சார் என்று கேட்காமல் கேட்டு, வைத்துக்கொண்டதும் நன்றி சொல்லிவிட்டு வருவாள். இந்த வைகாசியோடு அவளுக்கு வயது வரம்பு முடிகிறது. அந்த மாதம் இருபத்தேழாம் தேதி புதன்கிழமை இண்டர்வியூ, அதுதான் கடைசி. அதற்காகத்தான் போனில் ஒரு அகராதியைப் பிடித்து, அதிலிருக்கிற பெண் குரல் சொல்லச் சொல்ல, மாடியில் நின்று வாயைத் திருத்திக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலமே அவள் எனக்கு அந்தச் சொல்லைத் துணி மாதிரி பிரித்துக் காட்டினாள். மூன்று துண்டு. 'டி' என்றால் விலகு. 'ஹிஸ்' என்றால் வாய் பிளக்கத் தொடங்கு, அது லத்தீனிலிருந்து வந்தது. கடைசித் துண்டு, அப்படியே இரு என்பது. நடுத்துண்டைத்தான் அழுத்த வேண்டும். அதில் எஸ்ஸுக்குப் பக்கத்தில் ஒரு சி நிற்கும், அதைக் கண்டுகொள்ளக் கூடாது, கல்யாண வீட்டுக்கு வந்து மொய் மட்டும் எழுதிவிட்டுச் சாப்பிடாமல் போகிற ஆள் அது. வடிவு அந்த சியைப் பதினொரு வருடம் கையைப் பிடித்து இழுத்துப் பந்தியில் உட்கார வைத்திருந்தாள், அதுதான் தப்பு.

"நீயும் ஒரு தடவ சொல்லேன் கனி."

"போளா."

நான் பன்னிரண்டாம் வகுப்பில் இங்கிலீஷில் நாலு மார்க்கில் கோட்டை விட்டவள். அன்றிலிருந்து வாயில் இங்கிலீஷை விடுவதில்லை என்று வைராக்கியம். ஹூக், டெலிவரி, ஜாக்கெட் எல்லாம் என்ன என்று கேட்காதீர்கள், அதெல்லாம் தமிழாகி ரொம்ப நாளாகிறது.

ஒரு வாரத்தில் ஊர் அந்தச் சொல்லுக்குப் பழகிக்கொண்டது. செவ்வாயும் வெள்ளியும் காலை ஏழிலிருந்து ஏழேகால் வரை வடிவு வீட்டு வாசலில் வரிசை நின்றது, திருகாத பாட்டில், இறுகிய டிபன் கேரியர், சாவி தொலைந்த டிரங்குப் பெட்டி, விரலில் மாட்டிய மோதிரம், கன்று ஈனத் திணறுகிற மாட்டோடு ஒரு ஆள். மாட்டுக்கு முழுச் சொல் கூடாது என்று வடிவு நடுத்துண்டை மட்டும் மெல்லச் சொன்னாள், கன்று சுகமாக வந்து விழுந்து உடனே எழுந்து நின்றது. பாட்டிலுக்கும் 'ஹிஸ்' போதும். டிரங்குப் பெட்டிக்கு மூன்று துண்டும் வேண்டும், இல்லாவிட்டால் திறந்த வேகத்தில் மூடிக்கொள்ளும். வெறும் 'டி'யை மட்டும் சொன்னால் எதுவும் திறக்காது, லேசாக நடுங்கும். அந்த நடுக்கம் இடுப்புக்கு நல்லது என்று கண்டுபிடித்து இரண்டு பெரியவர்கள் வாரம் தவறாமல் வந்தார்கள்.

எல்லாரும் வீட்டில் முயன்று பார்த்தார்கள். யாருக்கும் வரவில்லை. சி வந்து பந்தியில் உட்கார்ந்துவிடும், அல்லது அழுத்தம் முதல் துண்டில் விழும், அல்லது மூன்றாம் துண்டு வருவதற்குள் சிரிப்பு வந்துவிடும். எனக்குத் தெரிந்து முயன்று பார்க்காத ஒரே ஆள் நான்தான்.

வந்ததெல்லாம் திறந்துவிடவும் இல்லை. பத்தாம் வகுப்புப் பசங்க சிலர் பள்ளிக்கூடத்துக் கேள்வித்தாள் கட்டு இருக்கிற அறைப் பக்கம் அவளைத் தள்ளிக்கொண்டு போய்ச் சொல்ல வைத்தார்கள், கட்டு அசையவில்லை, ஆனால் அவர்களின் சட்டைப் பையிலிருந்த பிட்டுப் பேப்பர்கள் எல்லாம் விரிந்து ஹெட்மாஸ்டர் காலடியில் விழுந்தன. முற்றியது எது என்று அந்தச் சொல்லுக்குத்தான் தெரிந்தது.

பஞ்சாயத்துத் தலைவர் தங்கப்பழம் எதற்கும் தீர்மானம் போடாமல் தூங்காத மனிதர். சமுதாயக் கூடத்தில் கூட்டம் போட்டு, அகராதியைப் புரட்டிக்கொண்டு வந்து, "டீச்சர், இதுக்கு முன்னால 'இன்'னுன்னு ஒரு துண்டு சேத்தா எதிர்ச்சொல்லாமே. தெறக்கதுக்கு ஒண்ணு இருக்கு, மூடுததுக்கு இத வச்சுக்கிடலாம்லா?" என்றார். கூட்டம் கைதட்டியது.

வடிவு எழுந்தாள். "அது மூடுத சொல் இல்ல அண்ணாச்சி. தேங்கா, மாங்கா, நெல்லு மாதிரி, தன்னால வெடிக்கவே தெரியாத காய்க்கு உள்ள பேரு அது. வெடிச்சத மூடுததுக்குச் சொல்லே கெடையாது."

"இங்கிலீஷ்லயுமா கெடையாது?"

"எந்தப் பாஷையிலயும் கெடையாது."

தலைவர் அதையும் தீர்மானமாக எழுதிக்கொண்டார்.

அதே கூட்டத்தில்தான் மூக்காண்டி அண்ணாச்சி எழுந்தார். அவருக்கு மூன்று ஏக்கர் எள்ளு. அவருக்கு மட்டுமா, ஊரைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் எள்ளுதான், மாசியில் விதைத்தது வைகாசிக் கடைசியில் முற்றும். எள்ளை வெடிப்பதற்கு முன்னால் அறுத்தாக வேண்டும், ஒரு நாள் தப்பினால் மண்ணுக்குத்தான் மகசூல்.

"டீச்சர், நான் வாத்தியாரம்மாவ எதுத்துப் பேசுத ஆளு இல்ல. ஆனா இருவத்தேழாம் தேதி காலேஜு மைக்குல நீங்க அதச் சொன்னிய, ஊரு எள்ளு பூராவும் அங்ஙனயே கொட்டிப் போவும். நாலு வரிச போனதுக்கே எம் பொண்டாட்டி ரெண்டு நாளு சோறு போடல."

அந்த இண்டர்வியூவில் கனிகளைப் பற்றிப் பாடம் நடத்திக் காட்ட வேண்டும் என்று கடிதம் வந்திருந்தது எல்லாருக்கும் தெரியும். கனியைப் பற்றி நடத்திவிட்டு அந்தச் சொல்லைச் சொல்லாமல் இறங்க முடியாது. அதைச் சரியாகச் சொன்னால் எள்ளு போகும், தப்பாகச் சொன்னால் ரோஸ்லின் அம்மாள் சிரிப்பாள், வேலை போகும்.

வடிவு நின்றபடியே, "நான் பழையபடி தப்பாவே சொல்லிருதேன் அண்ணாச்சி" என்றாள்.

அவள் சொன்ன விதம் இருக்கிறதே, ஏதோ பஸ்ஸில் ஜன்னலோர இடத்தை விட்டுக்கொடுக்கிற மாதிரி, சிரித்த முகமாக. பதினொரு வருடமாக இவள் இப்படித்தான். சம்பளம் மூன்று மாதம் தாமதம் என்றால் சரி சார், இன்னொருத்தருடைய வகுப்பையும் சேர்த்துப் பார் என்றால் சரி சார், மேடையில் நாற்காலி இல்லை என்றால் நான் நிற்கிறேன் சார். அவளுக்கு என்ன வேண்டும் என்று அவள் வாயால் சொல்லி நான் கேட்டதே இல்லை. நான்தான் எழுந்தேன், என்னென்னவோ கத்தினேன், அதில் பாதியை இங்கே எழுத முடியாது. மீதிப் பாதி, "ஒங்க எள்ளும் வேணும் ஒங்க ஜாடியும் தெறக்கணும், அவளுக்கு மட்டும் ஒண்ணும் வேண்டாமா?" என்பது.

மூக்காண்டி அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டார்.

"இன்னிக்கு என்ன தேதி?"

"இருவது."

"நாளைக்குக் காலையில இருந்து அறுப்போம். இருவத்தாறுக்குள்ள ஒரு செடி நிக்கக் கூடாது. அறுத்ததக் கட்டித் தார்ப்பாயில சுத்தி எறுக்கிக் கெட்டிருவோம். டீச்சர், நீங்க சரியாவே சொல்லுங்க."

அந்த ஆறு நாளை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது. ஊரே காட்டில் இறங்கியது. போஸ்ட் மாஸ்டர் அரிவாளைப் பேனா பிடிக்கிற மாதிரிப் பிடித்து அறுத்தார், பின்னாலேயே ஸ்டெல்லா பஞ்சும் மருந்துமாக நடந்தாள். அறுப்பு முடிந்ததும் கட்டுகிற வேலை தொடங்கியது. எள்ளுக்கட்டைக் கட்டினோம், பிறகு எள்ளுக்கட்டைக் கட்டிவிட்டு அரிசி மூட்டையைக் கட்டாமல் விடலாமா என்று அதைக் கட்டினோம், பிறகு பீரோவை, பெட்டியை, ஜாடியை, கோழிக்கூட்டை, ஆட்டுப்பட்டியை, குடையை, ரேஷன் கடை ஷட்டரை, ஐஸ்காரர் பெட்டியை, கயிறு தீர்ந்து தேங்காய் நாரை ஈரத்தோடு திரித்து, அதுவும் தீர்ந்து வாழைநாரைக் கிழித்து, அதுவும் தீர்ந்து பழைய சேலையைக் கிழித்துக் கட்டினோம். ஒரு முடிச்சு போட்ட இடத்தில் பயத்தில் நாலு முடிச்சு போட்டோம். மானம் காக்கிற பொறுப்பு என் கடையில் விழுந்தது. ஹூக் வைத்த ஜாக்கெட்டுக்கெல்லாம் நாடா, ஜிப் வைத்த பேண்டுக்கெல்லாம் குறுக்குத் தையல், தலைவர் தங்கப்பழம் மட்டும் மூன்று குறுக்குத் தையல் கேட்டார். வடிவுக்கு இண்டர்வியூ ஜாக்கெட் நான் தைத்தேன், கத்தரிப்பூ நிறம், ஹூக்கே இல்லாமல் ஏழு முடிச்சு. போட்டுப் பார்க்கச் சொல்லி, முடிச்சு ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தேன்.

"மூச்சு முட்டுதுளா" என்றாள்.

"முட்டட்டும். நீ ஒழுங்காச் சொல்லு."

"கனி, எனக்குப் பயமா இருக்கு."

"எனக்குந்தான்" என்றேன். அது உண்மை.

புதன்கிழமை காலை காலேஜ் பெரிய ஹாலில் நீள மேஜை போட்டு மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள், செயலாளர் ஆவுடையப்பன், முதல்வர், டாக்டர் ரோஸ்லின். கதவையெல்லாம் நாங்களே கயிறு போட்டுக் கட்டியிருந்தோம், ஜன்னலை மட்டும் கட்டவில்லை, நாங்கள் பார்க்க வேண்டாமா? ஜன்னலுக்கு இருபது தலை வீதம் ஊர் நின்றது. ஹால் வாசல் கயிற்றை அவிழ்த்து வடிவை உள்ளே விட்டு மறுபடி கட்டுவதற்கே பத்து நிமிடம் ஆனதால் செயலாளர் எரிச்சலாக இருந்தார்.

மேஜையில் அவர் கைக்கருகில், அரக்கு வைத்து ஒட்டிய ஒரு பழுப்புக் கவர் இருந்தது. ஊரில் ஊறுகாய் ஜாடிவரை கட்டிய எங்களில் ஒருவருக்கும் அதைப் பற்றி யோசனை வரவில்லை.

வடிவு பாடத்தைத் தொடங்கினாள். இங்கிலீஷ்தான், ஆனால் நெல்லும் தேங்காயும் மாங்காயும் வரும்போது ஜன்னலில் இருந்த எங்களுக்கும் கொஞ்சம் புரிந்தது. பலகையில் ஒரு எள்ளுக்காயை வரைந்தாள், நாலு அறை, நடுவில் தையல். பிறகு எங்கள் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். மூக்காண்டி அண்ணாச்சி தலையை ஆட்டினார். அவள் மைக்கைப் பிடித்து, மெல்ல விலகி, நடுவில் அழுத்தி, சியைக் கண்டுகொள்ளாமல், கடைசியில் அப்படியே நிற்கவிட்டு, அந்தச் சொல்லைச் சொன்னாள்.

ஒன்றும் நடக்கவில்லை. எங்கள் முடிச்சுகள் அத்தனையும் தாங்கின. ஊரில் ஒரு எள்ளு கொட்டவில்லை, ஒரு கோழி வெளியே வரவில்லை. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துப் பெருமூச்சு விட்டோம்.

அப்புறம்தான் அரக்கு வெடித்தது.

கவர் வாயைத் திறந்து உள்ளேயிருந்த தாளை வெளியே தள்ளியது, ஃபேன் காற்று அதைத் தூக்கியது, தாள் மேஜையைத் தாண்டி, வடிவின் தலையைத் தாண்டி, ஜன்னல் வழியாக வந்து என் கையில் விழுந்தது. பணி நியமன ஆணை. செயலாளரின் மச்சினன் மகன் பெயர். தேதி போன வாரம். கையெழுத்து எல்லாம் ஆகியிருந்தது. நான் உரக்கப் படித்தேன், இங்கிலீஷில் இருந்த இடத்தையெல்லாம் போஸ்ட் மாஸ்டர் படித்தார்.

ஆவுடையப்பன் எழுந்துவிட்டார். "அம்மா, அந்த இன், இன்னை முன்னால போட்டுச் சொல்லுங்கம்மா, மூடிரட்டும்" என்று கையைப் பிசைந்தார். அவரே இரண்டு தடவை, "இன், இன்" என்று கவரைப் பார்த்துச் சொன்னார். பஞ்சாயத்துத் தலைவர் ஜன்னலில் இருந்து, "அது மூடுத சொல் இல்ல, தீர்மானமே போட்டிருக்கு" என்றார்.

அடுத்து ரோஸ்லின் அம்மாளின் வாய் திறந்தது. "போன வருஷம் நான் சிரிச்சேன்" என்றாள், தமிழில். "படிக்கிற காலத்துல என்னையும் இப்படித்தான் சிரிச்சாங்க. அது எனக்கு மறந்தே போச்சு. இந்தத் தாள்ல நான் கையெழுத்துப் போட்டிருக்கக் கூடாது."

ஆனால் நாங்கள் யாரும் அவளைப் பார்க்கவில்லை. வடிவைத்தான் பார்த்தோம். மைக்கைப் பிடித்தபடி நின்றவளின் உதடு முதலில் லேசாக நடுங்கியது, பிறகு மெல்லப் பிரிந்தது, பிறகு பிரிந்தபடியே நின்றது.

"எனக்கு இந்த வேலை வேணும் சார்" என்றாள். "பதினோரு வருசமா வேணும். ஒவ்வொரு ஜூனும் வேணும். நன்றி சொல்லும்போதெல்லாம் இதத்தான் சொல்ல வந்தேன். எனக்கு வேணும்."

இரைந்து சொல்லவில்லை. மைக் இருந்ததால் ஊர் எல்லைவரை கேட்டது. எனக்குக் கண்ணீர் கொட்டியது, பக்கத்தில் மூக்காண்டி அண்ணாச்சி துண்டால் மூக்கைச் சிந்தினார்.

முதல்வர் அதுவரை வாயைத் திறக்காதவர், அவருக்கும் ஏதோ முற்றியிருந்தது போல, மெதுவாக எழுந்து, இருபது தலை வீதம் நின்ற ஜன்னல்களை எண்ணி, ஒரு புதுத் தாளை எடுத்துச் செயலாளர் முன்னால் வைத்தார். ஆவுடையப்பன் பையைத் துழாவினார். பேனா மூடி ஏற்கனவே திறந்திருந்தது.

வேலை கிடைத்துவிட்டது. கொண்டாட்டத்துக்குப் பாயசம் வைப்போம் என்று கிளம்பினால், வெல்லம் டப்பாவுக்குள், டப்பா கட்டுக்குள். அரிசி கட்டுக்குள். ஈர நார் காய்ந்து இறுகிக் கல்லாகியிருந்தது, நகத்துக்கு வரவில்லை, பல்லுக்கு வரவில்லை, அறுக்கலாம் என்றால் அரிவாளையும் கட்டிப்போட்டிருந்தோம். தலைவர் தங்கப்பழம் ஒரே பேண்டோடு அலைந்தார். என் கத்தரிக்கோலையாவது கேட்டு வருவார்கள் என்று பார்த்தால், அதன் வாயையும் நானே ஒன்பது சுற்றுச் சுற்றி வைத்திருந்தேன். ஊர் வடிவு வீட்டு வாசலில் நின்றது.

"டீச்சர், ஒரே ஒரு தடவ."

"சொன்னா இப்போ கேக்காது. எல்லாம் பச்ச முடிச்சு" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை. "திங்கக்கெழமை காலேஜ் தெறக்கு. முத்தட்டும், அதுவரைக்கும் பொறுங்க."

நாலு நாள் ஊர் முழுக்கக் கடையில் வாங்கிய பன்னைத் தின்றது.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு, முதலாம் ஆண்டு வகுப்பில் அறுபத்திரண்டு பிள்ளைகள். வெளியே ஊர், களத்தில் தார்ப்பாய்க் கட்டுகளுக்குப் பக்கத்தில் மூக்காண்டி அண்ணாச்சி. நான் வகுப்பு ஜன்னலோரம், மடியில் கட்டிய கத்தரிக்கோலோடு. வடிவு பலகையில் சொல்லை எழுதி, மூன்றாகப் பிரித்து, சியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, "இவர் சும்மா வந்தவர், கண்டுக்காதீங்க" என்றாள். பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகு ஜன்னலைப் பார்த்தாள்.

"கனி, நீயும் சேர்ந்து சொல்லு."

"போளா."

"நாலு மார்க்குத்தான்."

அறுபத்திரண்டு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அவள் கையை ஓங்கினாள், பிள்ளைகள் மூச்சை இழுத்தார்கள், நானும் இழுத்தேன். இருபத்து மூன்று வருடமாக மூடிவைத்த வாய், விலகி, பிளந்து, அப்படியே நின்று, சொன்னது.

ஊர் முழுக்க முடிச்சுகள் அவிழ்ந்து விழுகிற சத்தம் மழை மாதிரி கேட்டது. கோழிகள் வெளியே வந்தன, ஆடுகள் வந்தன, ஷட்டர் உருண்டு ஏறியது, தலைவரின் மூன்று தையலும் போயின, தார்ப்பாய்களில் அந்த வருடத்து எள்ளு முழுவதும் ஒரு மணிகூட வீணாகாமல் கொட்டியது, அண்ணாச்சி களத்திலிருந்து போட்ட கூச்சல் வகுப்புவரை வந்தது.

அதெல்லாம் அறுபத்திரண்டு பிள்ளைகள் சொன்னதால் நடந்திருக்கலாம், வடிவு சொன்னதால் நடந்திருக்கலாம். என்னால் நடந்தது எது என்று எனக்குத் தெரியும். குனிந்து பார்த்தேன். மடியில் ஒன்பது சுற்றும் உதிர்ந்து கிடக்க, என் கத்தரிக்கோல் வாயைத் திறந்திருந்தது.